தானே மண்ணைத் துளைக்கும் விதை

விதை பரவுவதைப் பற்றிப் பேச்சு வந்தாலே தூரத்தைத்தான் பெரிதாகச் சொல்கிறோம். எருக்கம் பஞ்சு காற்றில் மிதக்கிறது, ஆலம்பழம் தின்ற பறவை விதையை ஊர் தாண்டிப் போடுகிறது என்று. மண்மேல் விழுந்த விதைக்கு ஆபத்து தொடங்குவதே அதற்குப் பிறகுதான். எறும்பு இழுத்துப் போகும், குருவி கொத்தும், வெயில் காய்ச்சிவிடும். அதனால்தான் தூவிய கையோடு மண்ணைக் கிளறி மூடுகிறார் உழவர். கடந்து வந்த காதங்களைவிட, மண்ணுக்குள் இறங்க வேண்டிய கடைசி அரை அங்குலமே விதைக்கு முக்கியம் என்பது என் கட்சி. ஜெரானியம் குடும்பத்தைச் சேர்ந்த எரோடியம் சிகுட்டேரியம் என்ற ஒருபருவக் காட்டுச்செடியே அதற்குச் சாட்சி.

மத்தியதரைக்கடலைச் சுற்றிய நாடுகள் அதன் பிறப்பிடம். தரையோடு படிந்த, நுணுக்கமாக வெட்டுப்பட்ட இலைகள். ஐந்து இதழ் கொண்ட சிறிய இளஞ்சிவப்புப் பூ. பூ உதிர்ந்ததும் காய் நாரையின் அலகுபோல் நீள்கிறது. பெயரே நாரையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. காய் முற்றி உலரும்போது அந்த அலகு ஐந்தாகப் பிளந்து, நாண் விட்ட வில்போல விதைகளை அரை மீட்டர் தூரம்வரை எறிகிறது. உண்மையான வேலை விழுந்த இடத்தில்தான் ஆரம்பம். விதையின் முனை ஊசிபோல் கூர்மை; அதன்மேல் பின்னோக்கிச் சாய்ந்த விறைப்பான மயிர்கள். பின்னால் நீண்ட வால். உலர்ந்திருக்கும்போது அந்த வாலின் அடிப்பகுதி திருகாணிபோல் முறுக்கிக்கொள்கிறது, நுனி மட்டும் கடிகார முள்போல் பக்கவாட்டில் நீட்டி நிற்கிறது. இரவுப் பனியில் நனைந்தால் முறுக்கு அவிழும். நுனி ஒரு கல்லிலோ புல்லிலோ தட்டி நின்றுவிட்டால் வால் சுழல வழியில்லை, விதைதான் சுழன்றாக வேண்டும். மறுநாள் வெயிலில் வால் மீண்டும் முறுக்கேறும். மயிர்கள் மண்ணைப் பற்றிக்கொள்வதால் விதை வெளியே வராது. பனியும் வெயிலும் மாறி மாறி அதை உள்ளே இறக்குகின்றன. நம் ஊர் ஊசிப்புல்லின் முள்ளும் ஈரத்துக்கு இப்படித்தான் முறுக்கு மாறும்.

இதைப் பார்த்துச் செடிக்கு அறிவு உண்டு என்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை, ஏனென்றால் அந்த வாலில் உயிரே இல்லை. இறந்த செல்களின் சுவரில் செல்லுலோஸ் இழைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து சுற்றப்பட்டிருப்பதால்தான் உலரும்போது வால் வெறுமனே வளையாமல் சுருளாகிறது என்று எபிரேயப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-இல் விளக்கினார்கள். தாய்ச்செடி உயிரோடு இருக்கும்போதே கட்டிக் கொடுத்த கருவி அது. தாய் பட்டுப்போன பிறகும் வேலை செய்கிறது.

அரை மீட்டர் எறிந்து ஒரு செடி எந்த நாட்டைப் பிடிக்கும், தூரத்துக்கு மனிதனும் மாடும்தானே வேண்டும் என்று கேட்கலாம். தூரத்துக்கு வேண்டும்தான். கலிபோர்னியாவின் சான்டா பார்பரா கடலடிப் படிவில் ஆண்டுக்கு ஓர் அடுக்காகச் சேறு படிந்திருக்கிறது. அதில் இந்தச் செடியின் மகரந்தம் 1755–60 வாக்கிலேயே தென்படுகிறது. அங்கே ஸ்பானியர்களின் முதல் மிஷன், அதாவது கிறித்தவ மதப்பணி நிலையம், சான் டியகோவில் எழுந்ததோ 1769-இல். தெற்கே பாகா கலிபோர்னியாவின் மிஷன்களிலிருந்து, விலங்குகளின் மயிரில் ஒட்டிக்கொண்டு முன்கூட்டியே வந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். ஆனால் வந்து விழுந்த இடத்தில் அதற்காக ஏர் பிடித்தவர் யாருமில்லை. உழவர் குடியேறுவதற்கு முன்பே வேரூன்ற முடிந்ததில், தன்னைத் தானே நட்டுக்கொள்ளும் இந்தத் திறமைக்குப் பெரிய பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். இன்று அங்கே மாடுகளுக்கு அது நல்ல மேய்ச்சல். மண்ணுக்குரிய பாலைவனப் பூச்செடிகளுக்கோ அது இடத்தைப் பறித்த அந்நியன். அந்த இழப்பு உண்மையில் வருத்தத்துக்குரியது.

வால் எல்லா இடத்திலும் வெல்வதில்லை என்ற மறுப்பு இதைவிடக் கனமானது. நுனி தட்டி நிற்க எதுவும் இல்லாத சமதரையில் விதை படுத்தபடியே வீணாகச் சுழலும். வெடிப்போ சருகோ வேண்டும். கார்னகி மெலன் பல்கலைக்கழகப் பொறியாளர்கள் இந்தக் குறையைத்தான் பிடித்துக்கொண்டார்கள். வானிலிருந்து விதை தூவும்போது பல விதைகள் மண்மேலேயே கிடந்து அழிகின்றனவே என்று, வெள்ளை ஓக் மரச்சீவலில் மூன்று வால் கொண்ட விதைத்தாங்கி ஒன்றைச் செய்து 2023-இல் வெளியிட்டார்கள். மூன்று வாலும் முக்காலிபோல் ஊன்றி விதையை நிமிர்த்திப் பிடிக்கின்றன. இருமுறை நனைந்து உலர்ந்ததும், சமதரையில் நூற்றுக்கு எண்பது மண்ணுக்குள் இறங்கின.