இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை பிறக்கும் கோயில்

ஜப்பான் நாட்டில் இசே என்னும் நகரம் உள்ளது. அங்குள்ள பெருங்கோயில் ஷிண்டோ சமயத்தாரின் தலைமைக் கோயிலாகப் போற்றப்படுகிறது. அதன் உட்கோயிலில் கதிரவன் தேவியாகிய அமதெராசு வணங்கப்படுகிறாள்.

உட்கோயிலுக்குச் செல்வோர் இசுசு ஆற்றின்மீது அமைந்த மரப்பாலத்தைக் கடக்க வேண்டும். பாலத்தின் இரு முனைகளிலும் 'தோரீ' எனப்படும் மர வாயில்கள் நிற்கின்றன. அவற்றின்முன் தலைதாழ்த்திய பின்னரே அடியவர்கள் உள்ளே நடப்பர். பிறகு தூய நீரில் கைகழுவி, வாய் கொப்பளிப்பர். சன்னிதிமுன் இருமுறை குனிந்து வணங்கி, இருமுறை கைதட்டி, மீண்டும் ஒருமுறை குனிந்து வணங்குவது மரபு. ஆனால் கருவறையைச் சுற்றி நான்கு வேலிகள் உள்ளன. பொதுமக்கள் வெண்திரை தொங்கும் வாயிலோடு நின்றுவிட வேண்டும். நெடுந்தொலைவிலிருந்து வந்தவர்க்கு இது ஏமாற்றமாகவும் தோன்றலாம்!

எனினும் வியப்புக்குரியது அருகிலேயே உள்ளது. கோயிலை ஒட்டி, அதே அளவில் கூழாங்கற்கள் பரப்பிய வெற்றுநிலம் ஒன்று காணப்படுகிறது. 2013ஆம் ஆண்டு வரை கோயில் அங்கேதான் இருந்தது. 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை இவ்விரு நிலங்களிலும் மாறிமாறிக் கோயில் புதிதாகக் கட்டப்படுகிறது. 690ஆம் ஆண்டில் தொடங்கிய இவ்வழக்கத்தில் 2013இல் நிகழ்ந்தது 62ஆவது புதுப்பிப்பு. அடுத்தது 2033இல் நடைபெறும்.

கோயிலின் தூண்கள் அடிக்கல் இன்றி நேரே மண்ணில் ஊன்றப்படுகின்றன. கூரையோ புல்லால் வேயப்படுகிறது. ஆகவே அவை விரைவில் நலிவடையும். ஜப்பானியர் நிலைத்து நிற்கும் மரக்கோயில்களைக் கட்ட அறியாதவர் அல்லர். ஹோரியூஜி என்னும் பௌத்தக் கோயிலின் மரக்கட்டடங்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நிற்கின்றன. இசேயில் அவர்கள் காத்து வருவது கட்டடத்தை மட்டுமன்று, கட்டும் கலையையும்தான். முதல் புதுப்பிப்பில் கருவி பிடிக்கக் கற்ற இளைஞர், அடுத்ததில் தேர்ந்த தச்சராகப் பணிபுரிவார். அதற்கும் அடுத்ததில் முதியவராக இருந்து இளையோர்க்கு வழிகாட்டுவார். தெய்வத்துக்குரிய ஆடைகள், வாள்கள், நெய்பொருள்கள் ஆகியனவும் ஒவ்வொரு முறையும் பழைய முறைப்படியே புதிதாகச் செய்யப்படுகின்றன.

இத்தொடர்ச்சி ஒருகாலத்தில் அறுந்தும் போயிற்று. 15, 16ஆம் நூற்றாண்டுகளில் நிகழ்ந்த போர்களால் 120 ஆண்டுகளுக்கு மேல் புதுப்பிப்புப் பணி நின்றிருந்தது. 1585இல் அது மீண்டும் தொடங்கியது.

ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் சுமார் 10,000 ஹினோகி மரங்கள் தேவைப்படுகின்றன. இதற்காக 1920களிலேயே கோயிலுக்குரிய காட்டில் 200 ஆண்டுத் திட்டத்துடன் மரம் வளர்க்கத் தொடங்கினர். பழைய மரங்களும் வீணாவதில்லை. கோயிலின் முகட்டைத் தாங்கிய பெருந்தூண்கள் செதுக்கப்பட்டு, மரப்பாலத்தின் முனைகளில் தோரீ வாயில்களாக நிறுத்தப்படுகின்றன. வேலிக்கு அப்பால் மக்கள் அணுக முடியாதிருந்த அத்தூண்களின் ஊடேதான் இன்று அடியவர்கள் நடந்து செல்கின்றனர்.