மச்சி, ரூல் புக்கை எடு!

தாயக்கட்டை உருண்ட வீட்டில் சண்டை வராமல் இருந்திருக்கிறதா? வெட்டினால் மறு ஆட்டம் உண்டா, ஒரு காயைக்கூட வெட்டாமல் பழம் எடுக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள். கும்பகோணத்து அத்தை ஒரு ரூல் சொல்வார், மன்னார்குடி சித்தப்பா இன்னொரு ரூல் சொல்வார். கடைசியில் யார் குரல் பெரிசோ, அவங்க சொன்னதுதான் சட்டம்!

இந்தப் 'பெரிய குரல்' ஃபார்முலா கொஞ்சமும் செல்லுபடி ஆகாத ஆட்டம் ஒன்று இருக்கிறது பாஸ். பெயர், 'மேஜிக்: த கேதரிங்'. கணிதம் படித்த ரிச்சர்ட் கார்ஃபீல்டு என்ற அமெரிக்கர் உருவாக்கி, 1993-ல் வெளிவந்த சீட்டாட்டம். இரண்டு மந்திரவாதிகள் மோதிக்கொள்வதாகக் கற்பனை. கார்டுகளை வாங்கிச் சேர்க்கலாம், நண்பர்களோடு மாற்றிக்கொள்ளலாம். அதிலிருந்து குறைந்தது 60 கார்டு பொறுக்கி, உங்களுக்கென்று ஒரு கட்டு. ஆளுக்கு 20 உயிர்ப் புள்ளி, பூஜ்யமானால் அவுட்!

மந்திரம் போட 'மானா' என்ற சக்தி வேண்டும். அது பெரும்பாலும் நிலக் கார்டுகளிலிருந்து வரும். சமவெளி, தீவு, சதுப்பு, மலை, காடு என்று அடிப்படை நிலம் ஐந்து. ஐந்திணையை மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கிய நமக்கு இது ரொம்ப ஈஸி. என்ன, நம்ம மருதம் மிஸ்ஸிங். டெல்டாக்காரர்கள் சமவெளியை வைத்து அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளுங்கள்!

இதுவரை வெளிவந்த கார்டுகள் 20,000-க்கும் மேல். பெரும்பாலானவற்றில் ஒரு குட்டி ரூல் அச்சாகியிருக்கும். அந்த ரூல்கள் ஒன்றோடொன்று மோதும்போதுதான் தலைசுற்றல் ஆரம்பம். போனில் ஆடினால் கணக்கையெல்லாம் ஆப் பார்த்துக்கொள்ளும். ஹாஸ்டல் ரூமில் பாயை விரித்து நிஜக் கார்டோடு உட்கார்ந்தால்? நீங்கள்தான் வக்கீல், நீங்கள்தான் ஜட்ஜ். புதுசாக ஆடுகிறவர்கள் மண்டையைப் பிய்த்துக்கொள்ளும் நாலு கேள்விகளைப் பார்ப்போம் வாங்க.

முதலில் போட்ட கார்டுதானே முதலில் நடக்கணும்?

இல்லை! உங்களிடம் ஒரு கரடி. தாக்கும் பலம் 2, தாங்கும் பலம் 2. எதிராளி அதன்மேல் 'லைட்னிங் போல்ட்' என்ற மின்னலை இறக்குகிறார். அது 3 அடி. கரடி காலி என்று நினைக்கிறீர்கள். உடனே நீங்கள் 'ஜயன்ட் க்ரோத்' போடுகிறீர்கள். இந்த டர்ன் முடியும்வரை கரடிக்குப் பலம் 3, தாங்குதிறன் 3 கூடும். இப்போது எது முதலில்?

கடைசியாக வந்த கார்டுதான் முதலில். நெல் மூட்டை ஏற்றிய லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். கடைசியாக மேலே போன மூட்டைதானே முதலில் இறங்கும்? கம்ப்யூட்டர் சயின்ஸ்காரர்கள் இதற்குள் 'ஸ்டாக்' என்று கத்தியிருப்பீர்கள். ஆட்டத்திலும் அதே பெயர்தான், 1999-லிருந்து. ஆக, கரடி முதலில் 5-க்கு 5 ஆகிவிடும். பிறகு மின்னல் 3 அடி கொடுக்கும். கரடி பிழைத்தது!

இப்போது வரிசையைத் திருப்புங்கள். நீங்கள் முந்திக்கொண்டு ஜயன்ட் க்ரோத் போடுகிறீர்கள். எதிராளி அதற்குப் பதிலாக மின்னலை இறக்குகிறார். மின்னல்தான் மேல் மூட்டை. கரடி செத்துப்போகும். வளர்வதற்குக் கரடியே இல்லாததால் உங்கள் கார்டும் வேஸ்ட். அதே ரெண்டு கார்டு, அதே கரடி. வரிசை மட்டும்தான் வேற!

டர்ன் முடிந்து பலம் இறங்கியதும் கரடி செத்துடுமே?

செம கேள்வி. பிழைத்த கரடிமேல் 3 அடி இருக்கிறது. டர்ன் முடிந்ததும் தாங்குதிறன் பழையபடி 2. 2 தாங்குகிற உடம்பில் 3 அடி என்றால் அவுட்தானே என்று எதிராளி குதிப்பார். டர்ன் கடைசியில் அடியும் துடைக்கப்படும், கூடுதல் பலமும் இறங்கும். இரண்டும் ஒரே நேரத்தில். ஒன்று முன்னே, ஒன்று பின்னே கிடையாது. அதனால் கரடி சேஃப். 'எப்போது' என்ற ஒரு சொல்லைக் கவனித்தால் அரைமணி நேரச் சண்டை மிச்சம்.

ரூல் புக் ஒன்று சொல்லுது, கார்டு வேற சொல்லுது. எது செல்லும்?

கார்டுதான். டர்னுக்கு ஒரு நிலம்தான் இறக்கலாம் என்பது பொது ரூல். 'இன்னொரு நிலமும் இறக்கலாம்' என்று ஒரு கார்டு சொன்னால் தாராளமாக இறக்கலாம். ஆனால், 'இந்த டர்னில் நிலம் இறக்கக் கூடாது' என்று வேறொரு கார்டும் சேர்ந்து வந்தால்? 'கூடாது'தான் ஜெயிக்கும். பொது விதியைச் சிறப்பு விதி வெல்லும். 'லாம்' என்பதைக் 'கூடாது' வெல்லும். இந்த ரெண்டு வரி தெரிந்தால் பாதி வழக்கு தள்ளுபடி!

இது ஏதோ அமெரிக்கச் சரக்கு என்று நினைக்காதீர்கள். தஞ்சையில் சோழர்கள் ஆண்ட காலத்திலேயே இதே முறையில் ரூல் எழுதியிருக்கிறார்கள். காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூருக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள். முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு கோயில் சுவரில் இருக்கிறது. பிராமணர் ஊர்ச் சபையின் வாரியத்துக்கு ஆள் எடுக்கிற விதிகள் அவை. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். இது பொது ரூல். ஒரு வேதமும் அதோடு ஒரு பாஷ்யமும் கற்றவருக்கு அரைக்கால் வேலியே போதும். இது சிறப்பு ரூல். ஏற்கெனவே வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரையும், அவர் உறவினர் பெயரையும் ஓலையில் எழுதவே கூடாது. நிலம் இருந்தாலும் சரி, வேதம் தெரிந்தாலும் சரி, 'கூடாது'தான் ஜெயிக்கிறது!

இன்னொரு சுவாரஸ்யம். 919-ல் வெட்டிய விதியில் வயது வரம்பு 30 முதல் 60. இரண்டே வருடத்தில், 921-ல், அதை 35 முதல் 70 என்று திருத்தி மறுபடியும் கல்லில் வெட்டினார்கள். கார்டு கம்பெனி இன்றைக்குப் பழைய கார்டின் வாசகத்தைத் திருத்தி வெளியிடுகிறதே, அதே வேலைதான்!

எல்லாம் படிச்சும் தெளிவு கிடைக்கலைன்னா?

போட்டிகளில் கையைத் தூக்கி 'ஜட்ஜ்' என்று கூப்பிடலாம். அவர் ரூல் சொல்வார். எந்தக் கார்டை இறக்கினால் ஜெயிக்கலாம் என்று ஐடியா தரமாட்டார். தீர்ப்பு பிடிக்கவில்லையா? தலைமை ஜட்ஜிடம் அப்பீல். அவர் சொன்னால் முடிந்தது. ஆட்டம் தொடரும்.

ஜட்ஜ் பக்கத்திலேயே இருப்பது எவ்வளவு பெரிய வசதி என்பது டெல்டாக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். காவிரி நடுவர் மன்றம் இறுதித் தீர்ப்பு சொன்னது 2007 பிப்ரவரி 5-ல். நம் பங்கு 419 டி.எம்.சி. என்றது. 2018 பிப்ரவரி 16-ல் உச்ச நீதிமன்றம் அதை 404.25 ஆக்கியது. அந்த வருடம் ஜூனில்தான் மேலாண்மை ஆணையம் அமைந்தது. ஜட்ஜ் மேசைக்கு வந்து சேரவே 11 வருடம்!

நல்ல மழை வருடத்துக்கு மாதவாரியாகக் கணக்கு எழுதியிருக்கிறது. மழை பொய்த்தால் எல்லோரும் அதே விகிதத்தில் குறைத்துக்கொள்ள வேண்டும் என்றும் இருக்கிறது. ஆனால், பற்றாக்குறையை எப்படி அளப்பது? 2023-ல் பருவமழை ஏமாற்றியபோது இரு மாநிலங்களும் மோதிக்கொண்டது இந்த இடத்தில்தான். ஆணையம், உச்ச நீதிமன்றம் என்று வாதம் நடந்தது. வயலில் நின்ற குறுவைக்கு அந்த வாதம் முடியும்வரை காத்திருக்கத் தெரியாது.

சீட்டாட்டத்தில் ரூலைத் தப்பாகப் படித்தால் ஒரு கரடி போகும். வயலில் போவது வேற. அதனால்தான் சொல்கிறேன், ரூல் படிப்பது ஒரு திறமை மக்களே. ஸ்காலர்ஷிப் விண்ணப்பம், பயிர்க் காப்பீட்டுப் பாரம், கேம்பஸ் இன்டர்வியூ முடிந்ததும் நீட்டுகிற பாண்டு பேப்பர்... எல்லாவற்றிலும் இதே மூன்று கேள்விகள்தான். எது முதல், எது பிறகு? விதிவிலக்கு எங்கே இருக்கிறது? 'கூடாது' என்று எங்கே எழுதியிருக்கிறது? வீட்டில் அப்பா கையெழுத்துப் போடும் முன்னால் அந்தப் பேப்பரை வாங்கி, இந்த மூன்றையும் ஒருமுறை தேடிப் பாருங்களேன்.

எதுவுமே எழுதாத இடம் ஒன்று இருந்தே தீரும். அதை ஆட்டம் தொடங்கும் முன்பே பேசிவிடுவது நல்லது. பாதி ஆட்டத்தில், தோற்கப்போகிற நேரத்தில் பேசினால் நியாயம்கூட அழுகுணி ஆட்டம் மாதிரிதான் தெரியும்!