ஜெர்மன் இசைத்தட்டில் ஒரு நாயனம்

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. செம்பூர் வீட்டில் மதியச் சாப்பாடு முடிந்து ஈஸிசேரில் சாய்ந்திருந்தேன். என் தங்கை மகன் தன் ஹெட்போனைக் கழற்றி என் காதில் மாட்டி, "மாமா, இது என்ன வாத்தியம்னு சொல்லுங்க பாப்போம்" என்றான். டிரம்ஸும் எலக்ட்ரிக் பியானோவும் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றின் மேல் ஓர் ஊதுகுழல் ஏறி ஏறி வந்தது. ஷெனாய் என்றேன். இல்லை என்றான். சாக்ஸபோன்? அதுவும் இல்லையாம். கைபேசியில் வாசித்தவர்கள் பட்டியலைக் காட்டினான். சாக்ஸபோன், புல்லாங்குழல் ஆகியவற்றோடு 'நாகசுரம்' என்று எழுதியிருந்தது. ஜெர்மனியின் ம்யூனிக் நகரத்து ராக் குழு ஒன்று 1973-இல் வெளியிட்ட இசைத்தட்டு அது!

மாட்டுங்கா கோயில் வாசல்களில் நாற்பது வருஷமாக நாயனம் கேட்டவன் நான். அடையாளம் தெரியவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது. அந்த வெட்கத்தில்தான் இந்த விஷயத்தைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். ராக் என்றாலே கதவைச் சாத்துகிற நம் வீட்டுப் பெரியவர்களுக்கும், நாயனம் என்றாலே காதைப் பொத்துகிற பிள்ளைகளுக்கும் பொதுவாக ஒன்று இதில் இருக்கிறது என்பதால் மலரில் எழுதத் துணிந்தேன்.

குழுவின் பெயர் எம்ப்ரியோ, அதாவது 'கரு'. 1969-இல் கிறிஸ்டியன் புர்கார்ட் என்பவரும் எட்கார் ஹோஃப்மன் என்பவரும் தொடங்கியது. புர்கார்ட் டிரம்ஸும் வைப்ரஃபோனும் வாசிப்பவர். வைப்ரஃபோன் என்பது உலோகப் பட்டைகளைக் குச்சியால் தட்டி வாசிப்பது, நம் ஜலதரங்கம் போல ஒலி நீண்டு நிற்கும். இசைத்தட்டின் பெயர் 'வீ கீப் ஆன்'. 'விடாமல் தொடர்கிறோம்' என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்தக் காலத்து ஜெர்மன் இளைஞர்களின் நிலைமையைச் சொன்னால்தான் இது புரியும். அவர்கள் யுத்தத்துக்குப் பின் வளர்ந்த தலைமுறை. அப்பா தலைமுறை கேட்ட பாட்டை அவர்களால் வாய்விட்டுப் பாட முடியவில்லை. அந்தத் தலைமுறை என்ன செய்தது என்று அவர்களுக்குத் தெரியும். அமெரிக்க ராக்கை அப்படியே நகலெடுக்கவும் மனசு ஒப்பவில்லை. பூர்வீகச் சொத்தும் வேண்டாம், இரவல் சட்டையும் வேண்டாம் என்றால் என்ன செய்வது? புதிதாக ஒன்றைச் செய்து பார்க்க வேண்டியதுதான். கொலோன் நகரில் கான், டுஸல்டார்ஃபில் கிராஃப்ட்வெர்க், பெர்லினில் டாஞ்சரின் டிரீம் என்று ஊருக்கு ஒரு குழு கிளம்பியது. கான் குழு 1971-இல் வெளியிட்ட 'டாகோ மாகோ'வில் பாடியவர் ஒரு ஜப்பானியர், ம்யூனிக் தெருவில் பாடிக்கொண்டிருந்தவரைக் கூட்டிவந்து மேடையேற்றினார்கள். இங்கிலாந்துப் பத்திரிகைகள் இதற்கெல்லாம் சேர்த்து 'கிரவுட்ராக்' என்று கேலிப்பெயர் வைத்தன. கிரவுட் என்றால் முட்டைக்கோஸ். நம்மை இந்த ஊரில் 'லுங்கிவாலா' என்றும் 'மதராஸி' என்றும் அழைத்த மாதிரிதான்! கேலிப்பெயரே கடைசியில் நிலைத்துவிட்டது.

இவர்களில் எம்ப்ரியோ தனி வழி போனவர்கள். மற்றவர்கள் மின்சாரக் கருவிகளுக்குள் புகுந்தபோது இவர்கள் பிற நாட்டு வாத்தியங்களைத் தேடினார்கள். 'வீ கீப் ஆன்' தட்டில் பல உருப்படிகள். அதில் ஒன்றின் பெயரே 'ஃப்ளூட் அண்ட் ஸாஸ்'. ஸாஸ் என்பது துருக்கியரின் நீண்ட கழுத்துத் தந்தி வாத்தியம். 1961-இல் ஜெர்மனி துருக்கியோடு ஒப்பந்தம் போட்டு ஆலைகளுக்கு ஆள் எடுத்தது. வந்தவர்கள் தங்கள் இசையையும் கொண்டுவந்தார்கள். இன்னொரு உருப்படி 'ஹாக்பிரெட் டான்ஸ்'. ஹாக்பிரெட் அவர்கள் மலைநாட்டின் பழைய வாத்தியம், சந்தூருக்கு ஒன்றுவிட்ட சகோதரன். சொந்தப் பாட்டி வீட்டுப் பரணில் கிடந்ததையும் எடுத்துத் துடைத்திருக்கிறார்கள்.

நாகசுரம் வாசித்தவர் ஜெர்மானியர் அல்லர். சார்லி மரியானோ, 1923-இல் பாஸ்டனில் பிறந்த இத்தாலிய வம்சாவளி அமெரிக்கர். ஜாஸ் உலகில் பெரிய பெயர். சார்லஸ் மிங்கஸின் புகழ்பெற்ற 1963-ஆம் வருஷ இசைத்தட்டு ஒன்றில் ஆல்டோ சாக்ஸபோன் இவருடையது. 1960-களின் பிற்பகுதியில் மலேசிய வானொலி இசைக்குழுவோடு வேலை செய்யக் கோலாலம்பூர் போனார். அங்கேதான் நாகசுரத்தைக் கேட்டார், கற்கவும் தொடங்கினார். பிறகு 1973-இல் தென்னிந்தியாவுக்கே வந்து சில மாதங்கள் கிராமத்தில் தங்கிப் பாடம் கேட்டார். இசைத்தட்டு வந்ததும் அதே வருஷம். ஆகவே அதில் கேட்பது பெரும்பாலும் கோலாலம்பூர்ப் பாடம் என்றே நான் கொள்கிறேன். இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஜெர்மன் ராக்குக்குள் நாகசுரம் போன வழி தஞ்சாவூர் வழி அல்ல. தோட்டத்துக்கும் துறைமுகத்துக்கும் பிழைக்கப் போன தமிழர்கள் கோயில் கட்டி மேளம் வைத்துக்கொண்டார்களே, அந்த வழி. பம்பாய்க்கு வந்த நாமும் அதைத்தானே செய்தோம்?

ஐம்பதை நெருங்கும் ஒரு ஜாஸ் வித்வானுக்கு இந்த வாத்தியம் எதற்கு என்று கேட்கலாம். இரண்டின் உடம்பையும் ஒப்பிட்டால் விளங்கும். சாக்ஸபோன் பித்தளைக் குழாய், ஒற்றை நாணல், இருபதுக்கும் மேற்பட்ட பொத்தான்கள். ஒவ்வொரு அரைச்சுரத்துக்கும் ஒரு கதவு உண்டு. நாகசுரம் ஆச்சா மரம். கும்பகோணம் பக்கத்து நரசிங்கம்பேட்டையில் கடைவது பெயர்பெற்றது, 2022-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. மேலே விரல் வைக்க ஏழு துளைகள். கீழே ஐந்து துளைகள் சுருதி சரிசெய்ய, தேவைக்கேற்ப மெழுகால் அடைப்பது. வாயில் சீவாளி, நாணலில் செய்த இரட்டை நாக்கு. பொத்தான் கிடையாது. சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவே உள்ளதை எல்லாம் உதட்டாலும் மூச்சாலும் விரல் சரிவாலும்தான் பிடிக்க வேண்டும். சாக்ஸபோனில் வாசல் வாசலாக நுழைந்து பழகியவருக்குச் சுவரே இல்லாத வீடு கிடைத்த மாதிரி இருந்திருக்கும்.

இந்தக் கதைக்கு ஒரு கண்ணாடிப் பிம்பம் உண்டு, நம் ஊரில். கத்ரி கோபால்நாத்தின் தந்தை நாகசுர வித்வான். மகனோ மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு அதன் பின்னால் போனார். 1980-இல் இதே பம்பாயில் நடந்த ஜாஸ் விழாவில் அவர் வாசித்ததைக் கேட்ட அமெரிக்கர் ஜான் ஹேண்டி, தானும் மேடையேறிச் சேர்ந்து வாசிக்கலாமா என்று கேட்டார். ஒருவர் சாக்ஸை விட்டு நாகசுரத்துக்கு, ஒருவர் நாகசுரத்தை விட்டு சாக்ஸுக்கு. சாக்ஸில் கர்நாடக சங்கீதம் என்றால் நாம் ஷண்முகானந்தாவை நிறைத்தோம். நாகசுரத்தை மட்டும் வாசலிலேயே நிற்கவைத்தோம்.

இனி, கேட்பது எப்படி? கர்நாடக சங்கீதக் காது உள்ளவர்களுக்கு இந்தத் தட்டு நினைப்பதைவிட எளிது. மேற்கத்தியப் பாட்டில் சுரக்கூட்டுகள் மாறிக்கொண்டே போகும், நமக்குத் தலை சுற்றும். இங்கே அப்படி அதிகம் இல்லை. கீழே பேஸும் டிரம்ஸும் ஒரே வட்டத்தில் விடாமல் சுற்றும். அதை ஒத்து என்றும் தவில் என்றும் எண்ணிக்கொள்ளுங்கள். அதன்மேல் ஒருவர் மாற்றி ஒருவர் கற்பனையாக வாசிக்கிறார்கள். முதல் உருப்படி பத்து நிமிடத்துக்கு மேல் ஓடும். முதல் இரண்டு நிமிடத்தில் முடிவு கட்டாதீர்கள், ஆலாபனையை அப்படியா கேட்போம்?

ராகம் தேடினால் ஏமாற்றம்தான். கமகம் மெலிசு. ராஜரத்தினம் பிள்ளையின் தோடியில் ஊறிய காது முகம் சுளிக்கும். என் காதும் சுளித்தது. ஆனால் மனிதர் ராகம் வாசிப்பதாகப் பாசாங்கு செய்யவில்லை. ஊதுபத்தி மாதிரி வாசனைக்காகச் சேர்க்கவும் இல்லை. வாத்தியத்தின் ஓங்காரத்தை, அந்த வெட்டவெளிக் குரலை, எலக்ட்ரிக் கிதாரோடு மோதவிட்டுப் பார்க்கிறார். சேர்ந்து வாசிக்கிற இடங்களில் மேற்கத்திய வாத்தியங்களில் எது இதன் குரலுக்கு ஈடுகொடுக்கும் என்ற கேள்வி வருகிறது. மின்சாரம் பாய்ச்சிய கிதார் ஒன்றுதான் என்று தோன்றுகிறது.

பின்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1978-79-இல் எம்ப்ரியோ பஸ்ஸிலேயே ம்யூனிக்கிலிருந்து துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக இந்தியா வந்து சேர்ந்தார்கள். 1979 கடைசியில் சோவியத் படை ஆப்கானிஸ்தானில் நுழைந்தபின் அந்தத் தரைவழி அடைபட்டது. பெங்களூரில் டி.ஏ.எஸ். மணியின் கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷனோடு அவர்களுக்கு நெருக்கமான உறவு. பாடகி ரமாமணியோடும் மரியானோ நிறைய வாசித்தார். மரியானோ 2009-இலும் புர்கார்ட் 2018-இலும் காலமானார்கள். குழு நிற்கவில்லை, மகள் மார்யா புர்கார்ட் நடத்துகிறார்.

என் வீட்டுக் கதை ஒன்றும் சொல்ல வேண்டும். மூத்தவள் கல்யாணத்துக்கு நாயனக்காரரைக் கூப்பிடவில்லை. "ஹால் சின்னது, பேச முடியாது, காது அடைக்கும்" என்று சி.டி. போட்டோம். கெட்டிமேளம் வரவேண்டிய நேரத்தில் பொத்தானை அழுத்தியவன் இந்தத் தங்கை மகன்தான். ஒரு நிமிஷம் பிந்தி அழுத்தினான், தாலி கட்டிய பிறகே கெட்டிமேளம் வந்தது. எல்லோரும் சிரித்தோம். இப்போது சிரிப்பு வரவில்லை.

சென்ற கோடையில் தாராவியில் ஒரு மாரியம்மன் கொடைக்குப் போயிருந்தேன். நையாண்டி மேளம் ஓய்ந்து, நாயனக்காரர் துண்டால் முகம் துடைத்துக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். திருநெல்வேலிப் பக்கம், தலைமுறையாக இதே தொழில். கைபேசியைக் கொடுத்துக் கேட்கச் சொன்னேன். கண்ணை மூடி முழுசாகக் கேட்டார். டிரம்ஸுக்கு விரல் தொடையில் தாளம் போட்டது.

"சீவாளி இன்னும் பதமாகல. புதுசு போலிருக்கு. விரலும் நம்ம பிடி இல்ல" என்றார். கொஞ்சம் யோசித்து, "மூச்சு நல்லா இருக்கு சார், நல்ல நெஞ்சு. யாருகிட்டப் படிச்சாராம்?"

மலேசியாவில், நம்மவர்களிடம் என்றேன்.

"அதான பாத்தேன்" என்று சொல்லி, "இன்னொரு தடவ போடுங்க" என்றார்.