'ஹோம்லெஸ்' என்னும் சொல்லும் மாசாய்த் தோட்டத் தமிழரும்: ஒரு சொற்பொருள் விளக்கம்

முன்னுரை

ஆங்கிலத்தில் 'ஹோம்லெஸ்' என வழங்கும் சொல்லை நாம் 'வீடற்றவர்' என மொழிபெயர்த்து வருகின்றோம். பார்வைக்கு இஃது எளிய சொல்லே. ஆயினும், யார் வீடற்றவர் என்பதை வரையறுப்பதும் இச்சொல்லே என்பதை நாம் மறத்தலாகாது. அவ்வரையறைக்குள் வருவோர் உதவிக்குரியோராக எண்ணப்படுவர். வாராதோர் கணக்கிலிருந்தே விடுபடுவர். ஆதலின், இச்சொல்லின் பொருளையும் வழக்கையும் ஜொகூர் மாநிலத்து மாசாய் வட்டாரத் தமிழரின் வாழ்வோடு பொருத்திக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லமைப்பும் வழக்கும்

இச்சொல் 'ஹோம்' என்னும் பெயரும் 'லெஸ்' என்னும் ஈறும் சேர்ந்து அமைந்தது. இவ்வீறு, 'நீங்கிய, இல்லாத' எனப் பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்லின் வழிவந்ததாகும். 'குறைவான' எனப் பொருள்தரும் தனிச்சொல் வேறு, இவ்வீறு வேறு. இலக்கண நிலையில் 'ஹோம்லெஸ்' ஒரு பெயரடை. 'தி' என்னும் சுட்டினை முன்னே பெறும்பொழுது அஃது ஒரு மக்கட் கூட்டத்தைக் குறிக்கும் பன்மைப் பெயராகும். தனி ஒருவரைச் சுட்ட அதனையடுத்து 'ஆள்' எனப் பொருள்படும் பெயரொன்று வரவேண்டும். மாணவர் பிழைசெய்யும் இடம் இதுவே.

'ஹவுஸ்' என்பது கட்டடம். 'ஹோம்' என்பது அக்கட்டடத்தோடு மனிதர் கொண்ட உரிமையும் உறவும். இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 'ஹோம்லெஸ்' எனக் கூறாது 'ஹவுஸ்லெஸ்' என்னும் சொல்லையே ஆள்வது இவண் நோக்கத்தக்கது. நடைபாதையிலும் மேம்பாலத்தின் அடியிலும் தொடர்வண்டி நிலையத்திலும் தங்குவோரையே அது எண்ணுகின்றது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இத்தகையோர் ஏறத்தாழ 17.7 இலட்சம் பேர். இதற்கு மாறாக, ஐரோப்பாவில் 2005ஆம் ஆண்டில் 'ஃபியான்ட்சா' என்னும் அமைப்பு வகுத்த பாகுபாடு நான்கு நிலைகளைக் காட்டுகின்றது: கூரையற்ற நிலை, வீடற்ற நிலை, உறுதியற்ற குடியிருப்பு, தகுதியற்ற குடியிருப்பு. கூரையின்கீழ் இருப்போரும் இப்பாகுபாட்டில் இடம்பெறக்கூடும்.

மலாய்மொழியில் இதற்கு நிகராக வழங்கும் 'கெலண்டாஙான்' என்னும் சொல் அலைந்து திரிதலை முதன்மைப்படுத்துவது. மலேசியாவின் 1977ஆம் ஆண்டு 'ஓராங் பாப்பா' சட்டமோ, பிச்சை எடுப்போரையும், பொது இடத்தில் வாழ்வாதாரமோ உறைவிடமோ இன்றிக் காணப்படுவோரையும் ஒரே வரையறைக்குள் கொணர்ந்தது. சொல் மாறுமிடத்துப் பார்வையும் மாறுவதை நாம் உணரலாம்.

தமிழில் இணைச்சொற்கள்

'வீடில்லாதவர்' என்பதும் 'வீடற்றவர்' என்பதும் ஒன்றல்ல. முன்னது, சொந்த வீடு வாங்காத வாடகைக் குடியினரையும் குறித்துவிடும். பின்னதிலுள்ள 'அற்ற' என்பது 'அறு' என்னும் வினையடியாகப் பிறந்தது. முன்பு இருந்த பிணைப்பு அறுபட்டது என்னும் குறிப்பு அதில் உண்டு. ஆதலின் 'அற்ற' என்பதே ஆங்கில ஈற்றுக்கு ஏற்புடைய ஆக்கம் எனலாம்.

எனினும் 'வீடு' என்னும் பகுதி 'ஹோம்' என்பதன் முழுப்பொருளையும் தருவதில்லை. இக்குறையை நிறைக்கும் சொற்கள் நம் பழைய இலக்கியத்திலேயே உள. திருக்குறளின் நிலையாமை அதிகாரத்து இறுதிக் குறள் (340) 'துச்சில்', 'புக்கில்' என இரு சொற்களை எதிர்நிறுத்துகின்றது. துச்சில் என்பது ஒதுங்கியிருக்கும் தற்காலிக இடம். புக்கில் என்பது நிலையாகப் புகுந்து வாழும் இல்லம். அங்கு அவை உடம்பையும் உயிரையும் பற்றிய பேச்சில் வருகின்றன. எனினும், குடியிருப்புப் பற்றிய நம் ஆய்வுக்கும் அவ்வேறுபாடு பெரிதும் உதவும்.

மாசாய்: தோட்டமும் தாமானும்

மாசாய், பாசிர் கூடாங்கை அடுத்துள்ள நகரம். இவ்வட்டாரத்தில் முன்பு இரப்பர், செம்பனைத் தோட்டங்கள் பரவியிருந்தன. 1970ஆம் ஆண்டுகளில் பாசிர் கூடாங் தொழில்நகராக வளரத் தொடங்கியது. 1977இல் ஜொகூர்த் துறைமுகம் செயற்படத் தொடங்கியது. தோட்ட நிலங்கள் படிப்படியாக ஆலைகளாகவும் குடியிருப்புகளாகவும் மாறின.

தோட்டத் தொழிலாளியின் லயன் வீடு நிருவாகத்துக்குரியது. வேலை உள்ளவரை வீடு உண்டு. வேலை போயின் வீடும் போகும். மூன்று தலைமுறையாக ஒரு குடும்பம் அங்கு வாழ்ந்திருப்பினும் இந்நிலை மாறாது. 1990ஆம் ஆண்டுத் தொழிலாளர் குடியிருப்புக் குறைந்தபட்சத் தரச் சட்டம் வீட்டின் தரத்தையும் அடிப்படை வசதிகளையும் வரையறுத்ததேயன்றி, அவ்வீட்டைத் தொழிலாளிக்கு உடைமையாக்கவில்லை. சட்டத்தின் நோக்கில் அது துச்சில். வாழ்ந்தவர் மனத்தில் அது புக்கில்.

தோட்டம் மூடப்பட்டபின் அடுக்குமாடி வீட்டிலோ உறவினர் வீட்டிலோ வாடகை அறையிலோ குடிபுகுந்தவர் 'வீடற்றவர்' எனும் கணக்கில் வருவதில்லை. அவருக்குக் கூரை உண்டு. ஆயினும் கோயில், தமிழ்ப்பள்ளி, இடுகாடு, அண்டை அயல் எனப் பின்னியிருந்த ஒன்று அறுந்துபோயிற்று. நம்மவர் ஒருவரையொருவர் முதன்முறை காணும்பொழுது, "நீங்க எந்தத் தோட்டம்?" என வினவுதல் இன்றும் உண்டு. அழிந்த தோட்டத்தின் பெயரே விடையாக வரும். அவ்வினாவிலுள்ள 'தோட்டம்' என்னும் சொல்லே 'ஹோம்' என்பதற்கு மாசாய்த் தமிழர் தரும் மொழிபெயர்ப்பு எனக் கொள்ளலாம்.

இன்று மாசாயைச் சூழ்ந்துள்ள வீடமைப்புப் பகுதிகள் 'தாமான்' எனப் பெயர் பெறுகின்றன. 'தாமான்' என்னும் மலாய்ச் சொல்லுக்கும் தோட்டம் என்பதே பொருள். தோட்டத்திலிருந்து தோட்டத்துக்கே பெயர்ந்ததாகச் சொற்கள் கூறுகின்றன. வாழ்வு அவ்வாறு கூறவில்லை.

முடிவுரை

எனவே, தெருவில் தங்குவோரைக் 'கூரையற்றோர்' எனவும், உரிமையும் உறவும் அறுந்த குடியினரைப் 'புக்கில் இழந்தோர்' எனவும் பிரித்து வழங்குதல் தகும் என்பது நம் கருத்து. 'வீடற்றோர்' என்பதை இரண்டையும் தழுவிய பொதுச்சொல்லாகக் கொள்ளலாம். கூரை கொடுத்துவிட்டோம், சிக்கல் தீர்ந்தது எனக் கூறுவோர்க்கு இப்பாகுபாடு ஒரு மறுமொழியாகவும் அமையும்.