கையிருப்பில் வளர்ந்த வீடு

ஐம்பது ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டில் வீடு கட்டப் புறப்பட்டவருக்குப் பணத்துக்கு முன்னால் வேண்டியிருந்தது சிமென்ட் பெர்மிட். சிமென்டின் விலையும் விநியோகமும் அரசின் கட்டுப்பாட்டில் இருந்த காலம் அது. மனுக் கொடுத்துக் காத்திருந்து, ஒதுக்கிய மூட்டைகளை வாங்கி வர வேண்டும். போதாததைக் கள்ளச் சந்தையில் தேட வேண்டும். 1982-இல் கட்டுப்பாடு பாதி தளர்ந்தது, 1989-இல் முழுவதும் நீங்கியது. இன்று காலையில் போன் செய்தால் மாலையில் மூட்டைகள் வாசலில் இறங்குகின்றன. வரிதான் கணக்கை அசைக்கிறது: 2017-இல் 28 சதவீத ஜிஎஸ்டி, 2025 செப்டம்பரிலிருந்து 18.

ஆற்றோர ஊர்களில் அன்று மணலுக்குப் பெரும்பாலும் வண்டிக்கூலிதான் செலவு. 2003-இல் மணல் குவாரிகளை அரசே நடத்தத் தொடங்கியது. இன்று ஆற்று மணலுக்குப் பதிலாகப் பெரும்பாலும் கட்டுவேலைக்கு எம்-சாண்ட், பூச்சுக்கு பி-சாண்ட். நூறு கன அடி ஒரு யூனிட் என்று லாரியில் வருகிறது.

அன்றைய பட்ஜெட் ஒரு நீள நோட்டில் இருந்தது. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. அடுத்து செங்கல் லோடு, சுண்ணாம்பு, ஆணி, கயிறு. சனிக்கிழமை மாலையில் கொத்தனாருக்கு இத்தனை நாள், சித்தாளுக்கு இத்தனை நாள் என்று கூலி எழுதி, கீழே டீச் செலவையும் சேர்ப்பார்கள். மொத்தம் எவ்வளவு ஆகும் என்று யாருக்கும் தெரியாது. இந்த வாரம் எவ்வளவு ஆனது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

இன்று முதல் நாளே மொத்தம் தெரிந்துவிடுகிறது. ஒப்பந்தக்காரர் சதுர அடிக்கு 2,400 ரூபாய் என்றால், ஆயிரம் சதுர அடிக்கு 24 லட்சம். சிமென்ட், கம்பி, டைல்ஸ் எந்த பிராண்டு என்பதுவரை கொட்டேஷனில் இருக்கும். காம்பவுண்டு சுவர், செப்டிக் டேங்க், தண்ணீர்த் தொட்டி, போர்வெல், மின் இணைப்பு, பிளான் அப்ரூவல் ஆகியவை பல கொட்டேஷன்களில் இருக்காது. பால் காய்ச்சும் நாள் நெருங்கும்போதுதான் அந்த 24 லட்சம் சுவர்களுக்குள் அடங்கிய தொகை என்று புரிகிறது.

பணம் வந்த வழியும் மாறிவிட்டது. அன்று சேமிப்பு, சீட்டு, நகை அடகு, பி.எஃப். முன்பணம். அவை தீர்ந்தால் வேலை நிற்கும். பூசாத சுவரோடு குடிபுகுவார்கள். சிமென்ட் பால் ஊற்றிய தரையே போதும். மாடிக்குக் கம்பியை நீட்டி விட்டு, மகன் தலையெடுத்ததும் பார்க்கலாம் என்பார்கள். ஒரு வீடு முடியப் பத்து வருஷம்கூட ஆகும், முடிந்த வீட்டின் மேல் பெரும்பாலும் கடன் இருக்காது.

இன்று 30 லட்சம் வரையிலான வீட்டுக்கடனில், மதிப்பில் 90 சதவீதம்வரை வங்கி தர ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. அஸ்திவாரம், லிண்டல், கூரை என்று வேலை ஏற ஏறப் பணம் வரும். முப்பது வயதிலேயே ஒருவர் சொந்த வீட்டில் குடியேறலாம். வாடகை வீட்டிலேயே முதுமை கண்ட தலைமுறைக்கு எட்டாத வசதி இது. ஆனால் 30 லட்சத்தை 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்கு வாங்கினால், மாதத் தவணை சுமார் 26,000 ரூபாய். கடனைக் கட்டி முடிக்கும்போது மொத்தம் 62 லட்சத்தைத் தாண்டும். வாங்கிய கடனைவிட வட்டிக்குக் கூடுதலாகக் கொடுத்திருப்போம். நடுவில் நிறுத்தவும் வழியில்லை, வேலை நின்றாலும் வட்டி நிற்காது.

அன்று பொருளுக்குத் தட்டுப்பாடு, நேரம் தாராளம். இன்று பொருள் தாராளம், பொறுக்க நேரமில்லை. பெர்மிட் காலம் திரும்ப வேண்டும் என்று யாரும் கேட்கமாட்டார்கள். இருப்பதற்குள் கட்டுவது என்ற பழைய கணக்கு மட்டும் இன்றைக்கும் செல்லும். கட்டப் போகிறவர்கள், கொட்டேஷனில் இல்லாதவற்றை முதலில் எழுதுங்கள். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைத் தொடாமல் வையுங்கள். மிஞ்சுவதற்கு எத்தனை சதுர அடி வருமோ, அவ்வளவுக்கு மட்டும் பிளான் போடுங்கள்.