எலும்புக்கு ஒரு சாரம்

இந்தக் காட்சிப் பேழைக்குள் தேன்கூட்டுத் துண்டுபோல் தெரிவது எலும்பு அல்ல. எலும்பு ஏறி வளர்வதற்கான சாரம். கொத்தனார் கட்டும் சாரத்தை வேலை முடிந்ததும் அவிழ்க்க வேண்டும். இது உடலுக்குள் சில ஆண்டுகளில் தானே சிதைந்து மறையும்.

இந்தச் சாரம் இரண்டு பொருள்களின் கலவை. ஏன் இரண்டு? எலும்பே ஒரு கலவைதான். எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கால்சியம் பாஸ்பேட் தாது. மீதியில் பெரும்பகுதி கொலாஜன் புரதம். கோழி எலும்பைச் சில நாள் வினிகரில் ஊறவையுங்கள்: தாது கரைந்து ரப்பராய் வளையும். நெருப்பில் சுட்டெடுத்தாலோ கொலாஜன் எரிந்துபோய், தொட்டதும் பொடியும். வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

இந்தச் சாரத்தில் கொலாஜனின் வேலையைப் பார்ப்பது பாலிகேப்ரோலேக்டோன். சுமார் 60 டிகிரி செல்சியஸிலேயே உருகும் பாலிமர் என்பதால் முப்பரிமாண அச்சில் இழை இழையாக அடுக்கலாம். அதனுடன் எடையில் 20 சதவீதம் டிரைகால்சியம் பாஸ்பேட். சிங்கப்பூரில் உருவான இத்தகைய சாரம், மூளை அறுவைக்காக மண்டையோட்டில் இட்ட துளைகளை மூடப் பயன்படுகிறது.

பொருளைவிடச் சாரத்தின் ஓட்டைகளைக் கவனியுங்கள். 0.3 மில்லிமீட்டருக்கு மேல் அகலமிருந்தால் ரத்தக்குழாய்கள் எளிதில் நுழையும். ரத்தம் போகாத இடத்தில் எலும்பு வளராது. ஆனால் ஓட்டை கூடக்கூட வலு குறையும். உடல் எடையைத் தாங்கும் தொடை எலும்பில் இந்தச் சாரத்தை வைத்தால், கூடவே உலோகத் தகடோ கம்பியோ தேவை.