பெரும்பாடும் புரொஜெஸ்தரோன் களிம்பும்

பெரும்பாடு என முன்னோர் குறித்த மிகைக் குருதிப்போக்குக்குப் பெண்கள் சிலர் புரொஜெஸ்தரோன் களிம்பைப் பூசுகின்றனர். சூல் வெளிப்பட்டபின் சூலகத்து மஞ்சட் சடலம் சுரக்கும் இவ்வோமோன், ஈஸ்திரோஜனால் தடிக்கும் கருப்பை அகவணியின் வளர்ச்சியை அடக்குவது. சூல் வெளிப்படாத மாதங்களில் அஃது இன்மையால் அகவணி கட்டின்றித் தடித்துச் சிதைகின்றது.

1940களில் இரசல் மாக்கர் என்னும் அமெரிக்க இரசாயனர் மெக்சிக்கோவின் காட்டுவள்ளிக் கிழங்கிலிருந்து இதனைப் பெருமளவில் ஆக்கினார். நம் இராசவள்ளி அக்கிழங்கின் இனமே. ஆயின் அம்மாற்றம் ஆய்கூடத்தில் நிகழ்வது, உடலில் நிகழாது. ஆகவே கிழங்குச்சாறு மட்டுங் கொண்ட களிம்பில் ஓமோன் இல்லை. ஓமோன் கலந்த களிம்பிலிருந்தும் தோல்வழியே குருதியிற் சேர்வது சிறிதளவே; அகவணியைக் காக்க அதனை நம்பலாகாது. வைத்தியர் தரும் மாத்திரைகளும், இலெவோநோஜெஸ்திரெல் சுரக்குங் கருப்பைச் சாதனமும், திரனெக்சாமிக் அமிலமுமே பயன் கண்டவை.

மாதவிடாய் முற்றாக நின்று ஓராண்டின் பின் தோன்றுங் குருதி எத்துணைச் சிறிதாயினும் களிம்பு பூசிக் காத்திருத்தல் தகாது. அது கருப்பைப் புற்றின் முதற்குறியாகவும் இருத்தல் கூடும்.